புல்லுதானேன்னு நினைக்காதீங்க மக்களே!

லீவு வந்தாலே ஒரே கேள்வி. "டாக்டர், குரங்கணி போலாமா?"

தாராளமா போங்க. ஆனா மாசி, பங்குனியில வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

1) போடியில நின்னு மலையைப் பார்த்தா காய்ஞ்ச புல்லுச் சரிவு தெரியும். "சும்மாதானே கிடக்கு, மரம் நடலாமே"ன்னு பலர் சொல்வாங்க. தவறு. உச்சிப் புல்வெளி மழைநீரைப் பிடிச்சு வெச்சு மெதுவா ஓடைக்கு விடும். நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னக் குருவி மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளைத் தவிர உலகத்துல வேறெங்கும் கிடையாது. அங்கே மரம் நட்டா அதுக்கு வீடு போச்சு.

2) அதே புல் கோடையில் எரிபொருள். சரிவுல தீ மேல்நோக்கி வேகமா ஏறும். கீழே எரியும் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். ஓடி ஜெயிக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

3) அதில் பலர் இறந்தது மலையில் அல்ல, நாட்கள் கழித்து மருத்துவமனையில். தோல் பெருமளவு வெந்துவிட்டால் உடம்பில் இருக்கும் நீர் வெளியேறும். கிருமி உள்ளே புகும். தீக்காயத்துக்கு முதலுதவி, 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர். பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். ஆனா அந்தச் சரிவுல தண்ணிக்கு எங்கே போவீங்க? அதனால தீக்காலத்தில் போகாமல் இருப்பதுதான் ஒரே வைத்தியம்.

4) மற்ற மாதங்களில் போனாலும் முழுக்கை சட்டை, முழு பேண்ட், ஷூ. வெறும் புல்லில் படுக்காதீங்க. கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் வரலாம். 1 முதல் 3 வாரத்துக்குள் காய்ச்சல் வந்தா டாக்டரிடம் "மலைக்குப் போனேன்"னு முதல் வரியிலேயே சொல்லுங்க. அக்குள், இடுப்பு மடிப்புல சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்புப் புண் இருக்கான்னு பாருங்க. டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் குணமாகும். தாமதிச்சா நுரையீரல், கிட்னி வரை போகும்.

5) 2018-ல் மூணாறு பக்கத்து மலைகளில் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்கும். கூட்டம் அலைமோதும். அன்று வனத்துறை "இந்தப் பாதை மூடியிருக்கு"ன்னு சொன்னா சண்டை போடாதீங்க, குறுக்கு வழி காட்டும் ஆளைத் தேடாதீங்க. அந்தத் தடை உங்க உயிருக்கும் சேர்த்துதான்.

பூவைப் பறிக்காம, பீடி பற்றவைக்காம, குருவியைப் பார்த்துட்டுப் பத்திரமா இறங்கி வாங்க. தீக்காய வார்டில் உங்களைச் சந்திக்க எனக்கு விருப்பமில்லை.