திருவிருந்தும் கல்லறையும்

இறைவனின் இயல்பு இன்னதென்று வரையறுத்துக் குடிமக்கள் மேல் சுமத்தும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை. எந்தப் பெரும்பான்மைக்கும் இல்லை. ஒருவர் எதை நம்பி வணங்குகிறார் என்பதற்கு அவருடைய மனச்சான்றே முதலும் முடிவுமான நடுவர். எனினும், ஒத்த நம்பிக்கையுடையோர் கூடி ஒரு சபையாக அமையும்போது, தம் கொள்கை இன்னதென அறிவிக்கவும், அதை ஏற்போரையே உறுப்பினராகக் கொள்ளவும் அச்சபைக்கும் உரிமை உண்டு. முன்னது தனிமனிதரின் உரிமை. பின்னது கூட்டத்தின் உரிமை. இரண்டும் மெய்யானவை என்பதாலேயே, அவை முட்டிக்கொள்ளும் இடத்தில் எல்லையை எங்கே வரைவது என்னும் வினா எளிதில் தீர்வதாக இல்லை.

கிறித்தவ சமயத்தின் நெடிய வரலாற்றில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்தது, தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் மூவொரு கடவுள் கொள்கையை ஒட்டியே ஆகும். மகன் தந்தையால் படைக்கப்பட்டவர், ஆதலின் தந்தைக்கு இணையானவர் அல்லர் என்று அலெக்சாந்திரியாவின் ஆரியுசு கற்பித்தபோது, அதை மறுத்து, மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர் பேரவை அறிக்கையிட்டது. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பேரவை தூய ஆவியாரைப் பற்றிய பகுதியை அதில் விரித்தது. அவ்வறிக்கை 1600 ஆண்டுகளைக் கடந்து இன்றும் தமிழகத்தின் ஆலயங்களில் எழுந்து நின்று சொல்லப்படுகிறது. ஆனால், நிசேயாப் பேரவையைக் கூட்டியவன் பேரரசன் கான்ஸ்டன்டைன் என்பதையும், அன்று தொடங்கி வாதத்தின் பின்னால் வாளும் வந்து நின்றது என்பதையும் மறப்பதற்கில்லை. அரசனின் மனம் மாறிய போதெல்லாம் தண்டனை பெறுவோரும் மாறினர். நிசேயாக் கொள்கையின் தலைசிறந்த காவலரான அத்தனாசியுசே ஐந்து முறை தம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். மறுபுறம், மூவொருமையை மறுத்த மைக்கேல் செர்வீட்டசு 1553இல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். ஒரு கொள்கையை நிலைநாட்ட அரச வன்மையைத் துணைக்கழைப்போர், அதே வன்மை நாளை தம்மீதே திரும்பக்கூடும் என்பதை உணராதவர் என்பதற்கு இவ்விருவரின் வாழ்வே போதிய சான்று.

இது மேலைநாட்டார் வழக்கு, நமக்கு இதில் என்ன என்று ஒதுங்கவும் இயலாது. 1599இல் கேரளத்தின் உதயம்பேரூரில் போர்த்துகீசியப் பேராயர் மெனசிசு கூட்டிய பேரவை, அங்குள்ள கிறித்தவரின் கீழைச் சீரிய மரபு நூல்களைத் தவறான கொள்கையுடையன என்று தீயிலிட ஆணையிட்டது. அதனால் ஒற்றுமை விளைந்ததா? 1653இல் மட்டாஞ்சேரியில் எதிர்ப்பாக எழுந்த கூனன் குருசுச் சூளுரையும், அதைத் தொடர்ந்து பிளவின்மேல் பிளவுமே விளைந்தன.

நம் சென்னையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. திருவேங்கடம் என்னும் இயற்பெயருடைய தமிழர் ஒருவர், வில்லியம் ராபர்ட்சு எனப் பெயர் பூண்டு, ஆங்கிலேயர் இல்லங்களில் பணியாளராக ஊழியம் செய்துகொண்டே, ஆங்கில இறையியலாரான லிண்ட்சே, பிரீசுட்லி முதலியோரின் நூல்களைத் தாமே பயின்று, கடவுள் ஒருவரே, இயேசு அவரால் அனுப்பப்பட்டவர் என்னும் முடிவுக்கு வந்து, 1795இல் சென்னையில் ஒருமைவாதக் கிறித்தவ சபையைத் தோற்றுவித்தார். 1813இல் புரசைவாக்கத்தில் அதற்கொரு வழிபாட்டு இல்லமும் எழுந்தது. மூவொருமையை மறுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற நிலையை இங்கிலாந்து நாடாளுமன்றம் நீக்கியதும் அதே 1813இல்தான். அவருடைய கொள்கையை ஏற்காதவரும், தாமே கற்றுத் தாமே தெளிந்து நின்ற அவருடைய உறுதியை மதித்தே ஆக வேண்டும்.

இப்போது நம் கண்முன் உள்ள நிலைக்கு வருவோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் திருவேற்காட்டுக்கும் இடைப்பட்ட அயனம்பாக்கம் போன்ற மேற்குப் புறநகர்ப் பகுதிகளில், பிழைப்பு நாடியும் வீட்டுமனை நாடியும் பல மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த கிறித்தவக் குடும்பங்கள் தத்தம் சபைகளையும் உடன் கொண்டுவந்தன. ஒரே தெருவில், நிசேயா அறிக்கையை மனப்பாடமாகச் சொல்லும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பமோ கத்தோலிக்கக் குடும்பமோ இருக்கும். தந்தை, மகன், ஆவி என்பன இயேசு என்னும் ஒரே இறைவனின் வெளிப்பாடுகளே என்று கற்பிக்கும் ஒருமைப் பெந்தெகொசுதே சபையார் தகரக் கூரையிட்ட வாடகைக் கூடத்தில் கூடுவர். இயேசு இறைமகன், ஆனால் எல்லாம் வல்ல இறைவன் அல்லர் என்று நம்பும் யெகோவாவின் சாட்சிகள், காவற்கோபுரம் இதழைக் கையில் ஏந்திக் கதவு தட்டுவர். தண்ணீர் லாரி வரும் நாளில் இவர்களின் குடங்கள் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

வேறுபாடு கசப்பாவது இரண்டு வேளைகளில்: திருமணத்தின்போதும் சாவின்போதும். ஓலை வாசிக்கக் கேட்டுச் செல்லும் குடும்பத்திடம், பிள்ளை எந்தப் பெயரால் முழுக்குப் பெற்றது என்று ஆயர் வினவுகிறார். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் அன்றி இயேசுவின் பெயரால் மட்டும் பெற்றதெனில் செல்லாது என்கிறது ஒரு தரப்பு; மூவர் பெயரால் பெற்றதே செல்லாது, மீண்டும் நீரில் மூழ்கி எழ வேண்டும் என்கிறது மறுதரப்பு. இதில் எவரும் நேர்மையற்றவர் அல்லர். தம் திருவிருந்தில் யார் அமரலாம், தம் பீடத்தின் முன் யாருக்கு மணம் முடிக்கலாம் என முடிவு செய்வது சபையின் உரிமையே. அவ்வுரிமையில் அரசு தலையிடலாகாது, செய்தித்தாளும் தலையிடலாகாது.

ஆனால், சாவு வேறு. திருவிருந்து நம்புவோர் தமக்குள் கொள்ளும் உறவின் அடையாளம். கல்லறையோ மனிதர் மனிதருக்குச் செய்யும் இறுதிக் கடன். மாண்டவர் மூவொருமையை ஏற்றாரா, மறுத்தாரா என்று கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் நின்று வினவுவது சமயக் கடமையும் ஆகாது, மனித அறமும் ஆகாது. சொந்தக் கல்லறை நிலம் இல்லாத சிறு சபைகளின் ஏழைக் குடும்பங்கள், பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு பெரிய சபைகளின் அலுவலகங்களில் இசைவுக் கடிதத்துக்காகக் காத்துக் கிடக்க நேருமாயின், அந்த இழுக்கு கிறித்தவர் அனைவரையும் சாரும். கேரளத்தில் ஆர்த்தடாக்சு, யாக்கோபிய சபைகளிடையே நிகழ்ந்த பூசல் இறைக்கொள்கை பற்றியதன்று, ஆட்சியுரிமை பற்றியது. எனினும் உடல்கள் புதைக்கப்படாமல் தடைபட்டு நின்ற அவலம் முற்றியதால், அடக்க உரிமையைக் காக்க 2020இல் அம்மாநிலம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அன்பைப் போதிக்கும் சமயத்தாருக்குத் தம் இறந்தோரை அடக்கம் செய்யச் சட்டம் தேவைப்பட்டது என்பதைவிடக் கடுமையான கண்டனம் வேறு வேண்டுமா?

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் முதிர்ச்சியோடு நடந்துகொண்டிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், கிறித்தவர் என்போர் கிறித்தவ சமயத்தை மேற்கொண்டிருப்போர் என்று கூறி நிறுத்திக்கொண்டதேயன்றி, எந்த அறிக்கையையும் உரைகல்லாக வைக்கவில்லை. அகமதியர் இசுலாத்தைத் துறந்தவர் ஆகார் என்று சென்னை உயர்நீதிமன்றம் 1922இல் தீர்ப்பளித்தது, பெரும்பான்மையோர் ஏற்காத கொள்கை ஒருவரைத் தம் சமயத்தினின்று புறந்தள்ளிவிடாது என்பதற்கு இங்கிருந்தே கிடைத்த முன்மாதிரி. நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோது மரியாதையுடன் எழுந்து நின்றும் பாடாதிருந்த யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் கேரளத்தில் 1985இல் பள்ளியைவிட்டு விலக்கப்பட்ட வழக்கில், 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஒரு நம்பிக்கை நம் அறிவுக்கு உகந்ததா என்பதன்று, அது உண்மையாகவும் மனச்சான்றோடும் கொள்ளப்பட்டதா என்பதே வினா என நீதியரசர் சின்னப்ப ரெட்டி தெளிவுபடுத்தினார். அத்தீர்ப்பின் நிழலில் இன்று ஒதுங்கி நிற்போர் யெகோவாவின் சாட்சிகள் மட்டுமல்லர். இந்நாட்டின் சிறுபான்மையினர் அனைவருமே.

ஆகவே பெரிய சபைகளுக்குரிய கடமை தெளிவானது. கிறித்தவராக வாழ்ந்து மறைந்த எவருக்கும் கொள்கை வினவாமல் கல்லறையில் இடம் தரப்படும் என்று அவற்றின் மன்றங்கள் விதியாகவே எழுதி வைக்க வேண்டும். மணம் முடித்துவைக்க இயலாதபோது, பெண் வீட்டாரின் முகம் வாடும்படி மறுக்காமல், சட்டப்படியான பதிவாளர் வழியைக் காட்டி அனுப்ப வேண்டும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கர், மெதடிசுதர், பிரெசுபிட்டேரியர், காங்கிரிகேசனலார் ஆகியோர் நெடுநாள் வேற்றுமைகளைப் பேசித் தீர்த்து ஒரே திருச்சபையாக இணைந்த மண் இது. இணையவே முடியாத வேற்றுமையிலும் கண்ணியம் காப்பது அதைவிட அரிதான செயலன்று.

சிறிய சபைகளுக்கும் கடமை உண்டு. தம் கொள்கையை எடுத்துரைக்கும் உரிமை, அயலாரின் திருமுழுக்கை இழித்துரைக்கும் உரிமை ஆகிவிடாது. ஒரு குடும்பத்துக்குள் மகனைத் தாயிடமிருந்தும் மருமகளை மாமியாரிடமிருந்தும் பிரித்துத் தம் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ளும் ஊழியம் எந்த இறைவனுக்கும் உகந்ததாகாது.

இந்நாட்டில் கிறித்தவர் எண்ணிக்கையில் சிறியர். தம் வழிபாட்டுரிமைக்கும் தம் ஆலயங்களின் பாதுகாப்புக்கும் அரசமைப்பின் 25, 26ஆம் பிரிவுகளையே நாடி நிற்பவர். பெரும்பான்மையிடம் தாம் கோரும் பொறையைத் தமக்குள் இருக்கும் சிறுபான்மைக்கு மறுப்பாராயின், அக்கோரிக்கை உரிமைக் குரலாக ஒலிக்காது; வலியவனிடம் எளியவன் கேட்கும் சலுகையாகவே தாழும். மூவரா ஒருவரா என்னும் வழக்கை இறையியலார் தொடர்ந்து பேசட்டும். அடக்கம் செய்ய இடமின்றி ஓர் உடலும் காத்திருக்கலாகாது என்பதை மட்டும் அனைத்துச் சபைகளும் உடனே ஒப்புக்கொள்ளட்டும். அதற்குப் புதிய பேரவை எதுவும் கூட வேண்டியதில்லை.