குழந்தையோடு ஒரு பயணம்... சள்ளை யாரால்?

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளியூர் போவது பெரிய சள்ளை என்பதுதான் குமரி மாவட்டத்து வீடுகளில் பொதுவான பேச்சு. "பிள்ள கொஞ்சம் வளரட்டும், பொறவு போலாம்" என்று ஆச்சிமார் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதையும் மீறிப் போனால் பாதி வழியில் குழந்தை அழும், அப்பாவுக்குக் கோபம் வரும், அம்மாவுக்குத் திட்டு விழும். கடைசியில் பழியெல்லாம் அந்த மூன்று வயதுப் பிள்ளையின் தலையில்!

உண்மையில் தப்பு பிள்ளை மேல் இல்லை. பெரியவர்கள் போடும் திட்டத்தில்தான் இருக்கிறது.

கன்னியாகுமரிக்கு வரும் குடும்பங்களையே பாருங்கள். பெரும்பாலும் ஒரு நாள் கணக்குதான். விடியுமுன் பிள்ளையை உலுக்கி எழுப்பி சூரிய உதயம். பிறகு படகு வரிசை, விவேகானந்தர் பாறை, அங்கிருந்து 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வழியே திருவள்ளுவர் சிலை. அப்புறம் சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி... சாயங்காலம் அஸ்தமனத்துக்கு மறுபடியும் கடற்கரை. இருபத்தைந்து வயது ஆளுக்கே இது நாக்குத் தள்ளும் வேலை. மூன்று வயதுப் பிள்ளை அழாமல் என்ன செய்யும்?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'சங்க் காஸ்ட்' என்றால் தெரியும். செலவழித்தாயிற்று, இனி திரும்ப வராது என்ற பணம். அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது பாடம். ஆனால் சுற்றுலா வந்த குடும்பம் செய்வது நேர் எதிர். "வேனுக்கு இவ்வளவு கொடுத்தாச்சு, அருவியையும் பார்த்துட்டே போகணும்" என்று தூங்கி விழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போவார்கள். போன காசும் திரும்பாது, இருந்த நிம்மதியும் போகும். காலையில் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம், நடுவில் பிள்ளை தூங்க நேரம்... இதுவே போதும்.

கிளம்புமுன் விசாரித்தால் பாதிச் சண்டை குறையும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சுசீந்திரம் கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. இது தெரியாமல் போய், பூட்டிய கதவின் முன் வெயிலில் நிற்கும்போதுதான் குழந்தை அடம் பிடிக்கும்.

ரயிலில் 5 வயதுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம், ஆனால் தனி பெர்த்தும் கிடையாது. பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். 5 முதல் 12 வயதுக்குள் இருப்பவர்களுக்கும் 2016 ஏப்ரல் 21 முதல் இதே கதைதான். பெர்த் வேண்டாமென்றால் மட்டும் அரைக் கட்டணம். சென்னையிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இரவு முழுக்க நாலு வயதுப் பிள்ளையோடு ஒரே பெர்த்தில் ஒடுங்கிக் கிடக்கும் அம்மா மறுநாள் எப்படிச் சிரித்த முகமாக இருப்பாள்? முடிந்தவர்கள் ஒரு பெர்த் கூடுதலாக எடுப்பது வீண் செலவு இல்லை.

அடுத்தது வாந்தி. பஸ் ஓடுவதை உள்காது உணர்கிறது. கண்ணோ அசையாத ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம். 2 முதல் 12 வயது வரை இது அதிகம். அழாமல் இருக்கட்டும் என்று கையில் மொபைலைக் கொடுத்தால், குலசேகரம் பக்கத்து வளைவுகளில் அந்த மொபைலே வாந்திக்கு வழி செய்யும்! ஜன்னல் வழியே முன்னால் தூரத்தைப் பார்க்கச் சொல்வது நல்லது. வயிறு முட்டவும் கூடாது, காலியாகவும் கூடாது. பொட்டலச் சிப்ஸைவிட ஒரு சீப்பு மட்டிப்பழம் மேல். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. இங்கே பல பிள்ளைகளுக்கு முதலில் மசித்துக் கொடுப்பதே அதைத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கடல்! 2024 மே 6-ல் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும் அலை, இங்கே காற்றே இல்லாதபோதும் கரையேறும். வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் பிள்ளைகளை என்ன சொல்ல? "எல்லாரும் பார்த்துக்கிடுவோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை என்றுதான் அர்த்தம். இந்த அரைமணி நேரம் இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

அரசின் பங்கும் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்தன. 2022 முதல் அரசு பஸ்களில் 5 வயது வரை டிக்கெட் இல்லை. அதே 2022 மே மாதம் லக்னோ மெயிலில் சோதனையாகக் கீழ் பெர்த்தோடு குழந்தைக்கென ஒரு சின்ன பெர்த் பொருத்தினார்கள். எல்லாம் நல்ல யோசனைகள். ஆனால் அறை திறந்திருந்தால்தான் அறை; பெர்த் எல்லா ரயிலிலும் வந்தால்தான் பெர்த். கூடுதல் காசு கொடுப்பவருக்குத் தனி வரிசை வைக்கத் தெரிந்த சுற்றுலாத் தலங்கள், கைக்குழந்தையோடு நிற்பவருக்கும் ஒரு வரிசை வைக்கலாமே?

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. பயணம் முடிந்து வந்த அம்மாக்களிடம் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பால் புட்டி, மாற்றுத் துணி, கழிவறை எங்கே என்ற தேடல்... இதைத் தவிர அவர்கள் ஒன்றும் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டு வேலையை வேறு ஊரில் போய்ச் செய்வதற்குப் பெயர் சுற்றுலாவா? பிள்ளையை அப்பா ஒரு மணி நேரம் தூக்கிக்கொண்டால் போதும், அம்மாவும் அந்தக் கடலைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். இதற்குக் காசு செலவே கிடையாது :-)