மலைச்சரிவு போதும், லாரி டயர் வேண்டாம்

ஓட்டப் பயிற்சி என்றாலே இடுப்பில் கயிறு கட்டி லாரி டயரை இழுக்க வைப்பது நம் மைதானங்களில் வழக்கமாகிவிட்டது. போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகும் இளைஞர்கள் தொடங்கிவைத்தது, இன்று பள்ளிப் பிள்ளைகள் வரை இறங்கி வந்திருக்கிறது. 'வெயிட் கட்டி ஓடினா, கழட்டுனதும் பறப்பான்' என்பது நம்பிக்கை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, வளரும் பிள்ளையின் முழங்காலில் போய் உட்காரும். பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் ஜவ்வாது மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு அந்த டயர் ஏறி வரவே கூடாது.

டயர் இழுக்கும் பையனின் காலை, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். பிள்ளையின் எடை நாற்பது கிலோ. பின்னால் கிடக்கும் டயர் அவனைவிடக் கனம். இடுப்பு மடிந்து முகம் தரையைப் பார்க்கிறது. மண்ணைத் தொட்ட மாத்திரத்தில் எழும்ப வேண்டிய பாதம் அழுந்தி நின்று உந்துகிறது. எட்டு குறுகுகிறது, கைவீச்சு தாளம் தப்புகிறது. தேர்ந்த ஓட்டக்காரர் முழு வேகத்தில் ஓடும்போது அவர் பாதம் தரையில் தங்குவது ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அந்தத் துள்ளலைத்தான் பிள்ளை பழக வேண்டும். டயரைக் கட்டிவிட்டால் அவன் பழகுவது ஏர் இழுக்க.

அதற்காக எதிர்ப்புச் சுமையே கூடாது என்று சொல்லவில்லை. இலேசான சுமை நல்ல ஆசான். புறப்படும் முதல் சில எட்டுகளில் உடலை முன்சாய்த்துத் தரையைப் பின்னுக்குத் தள்ளும் வித்தையை, வாயால் நூறு முறை சொல்வதைவிட அது விரைவாகக் கற்றுக்கொடுக்கும். பயிற்சியாளர்கள் நெடுநாளாகக் கையாளும் வரம்பு, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. நாற்பது கிலோ பிள்ளைக்கு நாலு கிலோ. பழைய ஸ்கூட்டர் டயரில் கொஞ்சம் மணல் மூட்டை வைத்தால் அந்த அளவு வந்துவிடும். ஆனால் காய்ந்த செம்மண்ணில் இழுபடுகிற நாலு கிலோ வேறு, மழை பெய்த சேற்றில் இழுபடுகிற நாலு கிலோ வேறு. அதனால் தராசைவிட ஸ்டாப்வாட்சை நம்புவது நல்லது. சுமையில்லாமல் 20 மீட்டரை 3.5 விநாடியில் கடக்கும் பெண், சுமையோடு 3.85 விநாடிக்குள் கடக்க வேண்டும். அதைத் தாண்டினால் சுமை அதிகம், இறக்கிவிட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் மூச்சு முழுதாகத் திரும்பும்வரை ஓய்வு; கடைசியில் சுமையே இல்லாமல் இரண்டு மூன்று ஓட்டம். வாரத்துக்கு இரண்டு நாள் போதும்.

கனத்த சுமையும் பலன் தருமே என்று மறுப்பு வரும், அதில் நியாயமும் இருக்கிறது. வளர்ந்த கால்பந்து வீரர்களை உடல் எடையில் 80 சதவீதச் சுமையை இழுக்கவைத்து நடத்திய ஆய்வில், அவர்கள் முன்னோக்கித் தள்ளும் விசை கூடியது. ஆனால் அவர்கள் எலும்பு முற்றியவர்கள்; அவர்கள் ஓட்டம் கருவியால் அளக்கப்பட்டது. சிறுவர்களிடம் நடந்த ஆறு வார ஆய்வொன்று வேறு செய்தி சொல்கிறது. உடல் எடையில் 2.5 முதல் 10 சதவீதம் வரையான சுமையை இழுத்ததில், உயரம் விறுவிறுவெனக் கூடும் வளர்ச்சிப் பாய்ச்சலை எட்டியவர்களின் ஓட்ட வேகம் கூடியது. எட்டாத சிறுவர்களிடம் முன்னேற்றம் தெரியவில்லை. இலேசான சுமையே பயன் தராத வயதில் கனத்த சுமைக்கு என்ன வேலை?

அந்தப் பாய்ச்சல் பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 12 வயதையொட்டி, ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதையொட்டி வருகிறது. எலும்பு முந்தி நீளும், தசைநாண் பின்தங்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே, தசைநாண் எலும்பைப் பற்றும் இடத்தில் வலி தொடங்குவது அப்போதுதான். நம் பள்ளிப் போட்டிகளில் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மீசை அரும்பியவனும் பால் முகம் மாறாதவனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். யார் பாய்ச்சலில் இருக்கிறார் என்பதைப் பிறந்த தேதி காட்டாது. வகுப்பறைச் சுவரில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கரிக்கோடு போட்டு உயரம் குறித்துவைத்தால் தெரிந்துவிடும். கோடு கிடுகிடுவென ஏறும் மாதங்களில் பயிற்சியைக் குறைக்க வேண்டும். செலவு ஒரு கரித்துண்டு.

டயருக்கு மாற்றாக ஜவ்வாது மலைக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. இருபது மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவு, நாற்பது கிலோ பிள்ளையை ஏறத்தாழ இரண்டு கிலோ அளவுக்குப் பின்னால் இழுக்கிறது. மண் தரையில் நாலு கிலோ சுமையை இழுப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கயிறு இல்லை, இடுப்பில் காய்ப்பு இல்லை. நூல்கயிறும் கொத்தனாரின் ரசமட்டமும் இருந்தால் ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் இப்படிப்பட்ட சரிவை ஒரே காலையில் அளந்துவிடலாம். குன்றையே பயிற்சிக் களமாக்கிய நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். ஒரே ஓர் எச்சரிக்கை: ஏறித்தான் ஓட வேண்டும், இறங்கும்போது நடக்க வேண்டும். சரிவில் ஓடி இறங்குவது முழங்காலுக்கு ஏற்றத்தைவிடக் கொடிது.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளைப் பற்றி, 'நல்ல ஸ்டாமினா, எவ்வளவு கனம் கொடுத்தாலும் தாங்குவாங்க' என்று பாராட்டாகச் சொல்லப்படுவதுண்டு. அந்தப் பாராட்டு அச்சமூட்டுகிறது. இந்த மலைக்காரர்களின் தோள்வலுவையும் கால்வலுவையும் விளையாட்டுத் துறைக்கு முன்பே செம்மரக் கடத்தல் தரகர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. சுமக்கத் தெரிந்தவர்கள் என்பதற்காகவே கூட்டிப்போகப்பட்ட தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். இவர்கள் உடம்பைச் சுமைதாங்கியாகப் பார்க்கும் கண், மைதானத்திலாவது மாற வேண்டாமா?

மாற்ற ஒரு நல்ல பயிற்சியாளர் வேண்டும். மதுரை சக்கிமங்கலத்திலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்த ரேவதி வீரமணி, பயிற்சியாளர் கண்ணனின் கண்ணில் பட்டதால்தான் டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போனார். அப்படி ஒரு கண் மலைக்கு மேலே நிரந்தரமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஜமுனாமரத்தூருக்குத் தடகளப் பயிற்சியாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். பழங்குடியினர் நலத்துறை தன் ஒவ்வொரு மலைப்பள்ளியிலும் முழுநேர உடற்கல்வி ஆசிரியர் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பயிற்சியில் லாரி டயர் கூடாது என்று ஆணையம் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது சுவரில் முதல் கரிக்கோடும், அளந்த சரிவில் இருபது மீட்டர் சுண்ணாம்புக் கோடும் தயாராக இருக்கட்டும்.