கண் திறப்போரும் வாய் திறவாதோரும்

புரை விழுந்த கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொள்ள மறுக்கும் முதியோரைப் பற்றிப் பேச்சு எழும்போது, நம்மிடையே படித்தவர்கள் 'அறியாமை' என்ற ஒரு சொல்லோடு விடயத்தை முடித்துவிடுகின்றனர். நூறு பேர் வரிசையில் காத்திருக்க, அவசரத்தில் நிற்கும் வைத்தியர் அப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். முற்போக்குப் பேசும் ஆசிரியர்களும் அதையே சொல்லும்போதுதான் நமக்குச் சினம் மூள்கின்றது. மக்களிடமிருந்து கற்போம் என்று மேடையிற் கூறுவோர், வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும் மனிதரிடம் கற்க ஒன்றுமில்லை என்று எவ்வாறு முடிவு செய்தனர்?

'புரை இன்னும் முற்றவில்லை, முற்றட்டும்' என்று கிழவர் ஒருவர் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கிறார். மூடநம்பிக்கை என்கிறோம். இந்நம்பிக்கை கோயிலிற் பிறந்ததன்று, வைத்தியசாலையிலேயே பிறந்தது. முதிராத புரையை எடுத்தால் வில்லையின் மென்பகுதிகள் கண்ணுள் எஞ்சி அழற்சியை உண்டாக்கும் என்பதனால், முன்னாள் வைத்தியர்களே காத்திருக்கச் சொன்னார்கள். அன்றியும், எடுத்த வில்லைக்குப் பதிலாக எதையும் வைக்க இயலாதிருந்த அக்காலத்தில், சோடாப் போத்தலின் அடிபோன்ற தடித்த கண்ணாடியுடனேயே நோயாளி வாழவேண்டியிருந்தது. பொருள்கள் காற்பங்கும் அதற்கு மேலும் பெருத்துத் தெரியும். படி எங்கே முடிகிறது என்பது காலுக்கு விளங்காது. கண்ணாடி உடைந்தால் மீண்டும் இருள். இத்தகைய பார்வைக்காக எஞ்சியிருந்த பார்வையைப் பணயம் வைக்காமற் காத்திருந்தது அறிவுடைமையேயாகும். 1949இல் இலண்டனில் ஹரோல்ட் றிட்லி செயற்கை வில்லையைக் கண்ணுள் வைத்தார். 1967இல் சாள்ஸ் கெல்மன் மீயொலி அதிர்வினாற் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நெடுங்காலம் காத்திருப்பதே தீது. முற்றிய புரை கல்லாக இறுகும், சிலவேளை கண்ணினுள் அழுத்தத்தை ஏற்றி நரம்பையும் கெடுக்கும். மருத்துவம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. மாற்றிக்கொண்ட செய்தியைக் கிழவருக்கு யார் சொன்னார்கள்? நேற்றுத் தான் சொன்னதை இன்றும் நம்புகிறவரை மூடர் என்பது என்ன நியாயம்!

மேசையில் நிகழ்வதைப் பார்ப்போம். பெரும்பாலானோருக்கு மயக்கம் கொடுக்கப்படுவதில்லை. துளிமருந்தினாலோ கண்ணருகே ஏற்றும் ஊசியினாலோ கண் மரக்கச் செய்யப்படுகின்றது, மனிதர் விழித்தேயிருக்கிறார். முகத்தைத் துணி மூடுகின்றது. துணியின் துவாரத்தினூடே அந்த ஒரு கண் மட்டும் உலகுக்குக் காட்டப்பட, நுணுக்குக்காட்டியின் விளக்கு மேலிருந்து பாய்கின்றது. கண்தான் மரத்துவிட்டதே, ஒன்றும் தெரியாது என்று வெளியிலிருப்போர் நினைக்கின்றனர். நோயாளிகள் சொல்வது வேறு. நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக ஒளி அலைந்தது என்பர். கருவியின் நுனியை, வைத்தியரின் விரலைக் கண்டோம் என்போரும் உளர். நோயாளிகளை முறையாக விசாரித்த ஆய்வாளர்கள் இதனை உறுதிப்படுத்தியுள்ளனர். அக்காட்சிகள் சிலரை அச்சுறுத்துகின்றன என்பதையும், முன்னரே எடுத்துச் சொன்னால் அச்சம் குறைகின்றது என்பதையும் அவர்களே கண்டுள்ளனர். அவ்வாறு சொல்வதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இரண்டு நிமிடம்.

கண்ணைக் கழற்றி வெளியே வைத்துத் துடைத்துவிட்டு மறுபடி பூட்டுகிறார்கள் என்று ஊரிற் பேசிக்கொள்வதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். சொல்லப்படாத இடத்தை மனித மனம் வெறுமையாக விட்டுவைப்பதில்லை. துணியின் கீழ் அசையாமற் கிடந்து, தலைக்கு மேலே தமக்குப் புரியாத மொழியிற் பேசப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கிடைத்த துண்டுகளை வைத்து ஒரு விளக்கத்தைக் கட்டுகிறார். விஞ்ஞானியும் அதைத்தான் செய்கிறான். அவனுக்குத் துண்டுகள் கூடுதலாகக் கிடைக்கின்றன, அவ்வளவே.

கட்டு அவிழ்ந்த பின்னரும் இதே நிலைதான். புரை கண்ணுக்குள் ஒரு மஞ்சட் கண்ணாடி போன்றது. அது நீங்கியதும் நீலம் கண்ணைக் குத்துகின்றது. 1923இல் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே, நிறங்கள் பிறழ்ந்துவிட்டன என்று முறையிட்டதைக் கலை வரலாற்றாசிரியர் இன்றுவரை ஆராய்கின்றனர். நம்மூர்க் கிழவி 'என்ரை சீலை நிறம் மாறிப்போச்சு' என்றால் அது மட்டும் புலம்பல்! சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, வில்லையைத் தாங்கும் மென்சவ்வு மங்கினாற் பார்வை மீண்டும் கலங்கும்; லேசர் ஒளியினாற் சில நிமிடங்களில் அதனைத் தெளிவாக்கலாம். இதனை எவரும் சொல்லாதபடியால், புரை திரும்ப முளைத்துவிட்டது, ஒப்பிரேசன் பிழைத்துவிட்டது என்றெண்ணி வீட்டுத் திண்ணையில் முடங்கிப்போனோர் பலர்.

அச்சம் அனைத்தும் கற்பனை என்று கூறவும் இயலாது. 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையிற் புரை நீக்கப்பெற்ற சிலர், அதன்பின் இடப்பட்ட இறக்குமதித் துளிமருந்தினாற் பார்வைக்கு ஊறு நேர்ந்தவராயினர். மருந்துத் தட்டுப்பாடு நாட்டை ஆட்டிய காலம் அது. அதற்குப் பின்னர், 'இந்தப் போத்தல் எங்கேயிருந்து வந்தது?' என்று கேட்கும் நோயாளியையும் அறியாதவர் என்போமா?

பணத்தின் கதையை அதிகம் விரிக்க வேண்டியதில்லை. அரசாங்க வைத்தியசாலையில் வில்லை கையிருப்பில் இல்லாத வேளைகளில் வெளியே வாங்கிவரும்படி சீட்டு நீட்டப்படுகின்றது. தனியார் வைத்தியசாலையில் வில்லைகள் சாதி பிரித்து அடுக்கப்பட்டிருக்கின்றன. மதுரையில் 1992இல் தொடங்கிய ஔரோலாப், மேனாட்டு விலையின் மிகச் சிறு பங்குக்கே நல்ல வில்லையைச் செய்ய முடியும் என்று காட்டிவிட்டது. ஆயினும் இலவச முகாம் நடத்தும் பிரமுகர்கள், கட்டுப்போட்ட கிழவர்களை வரிசையாக இருத்திப் படமெடுத்து 'ஒளியேற்றினோம்' என்கின்றனர். (குருட்டுத்தனத்தை மடமைக்கு உவமையாக்கி எழுதும் நம் முற்போக்குக் கவிஞர்களும் அந்தப் படத்தில் ஓரமாக நிற்கின்றனர் என்றே நாம் கருதுகிறோம்.)

மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார்; 'இரணவைத்தியம்' 1867இல் தமிழில் அச்சேறியது. அவர் வந்த நோக்கம் பற்றி நமக்கு வேறு கருத்து இருக்கலாம். சத்திரசிகிச்சையைத் தமிழிற் சொல்ல முடியும் என்பது அன்றே முடிந்துபோன விவாதம். 1987ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. இருந்தும், கொழும்புக்கு வரும் தமிழ் நோயாளி தம்மால் வாசிக்க முடியாத சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிடும் நிலை முற்றாக ஒழியவில்லை.

ஒரேயொரு தாள் போதும். கண் கழற்றப்படாது, விழித்திருப்பீர்கள், நிறங்கள் தோன்றும், அஞ்சவேண்டாம், பின்னர் மங்கினால் வாருங்கள், துளிமருந்து இன்னது, இத்தனை நாள். அதனை எழுதுவதற்கு விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும், சத்திரசிகிச்சை செய்துகொண்ட கிழவி ஒருத்தியும் ஒரு மாலைப்பொழுது கூடியிருந்தாலே போதுமானது. எழுதி முடித்தபின் சிங்களத் தோழர்களிடமும் ஒரு பிரதியைக் கொடுப்போம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த கிழவருக்கும் அங்கே எவரும் எதையும் விளக்கிச் சொல்வதில்லை.