அணைய மறுத்த மஞ்சள் விளக்கு

கார்புரேட்டர் வண்டி ஓட்டியவர்களுக்கு ரிசர்வ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வண்டி இருமும், இழுவை விடும். ஓட்டத்திலேயே கையைக் கீழே விட்டுக் குமிழைத் திருப்பினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். டேங்குக்குள் உயரமும் குட்டையுமாக இரண்டு குழாய், அவ்வளவுதான் சங்கதி. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்ததும் குமிழ் போய் மஞ்சள் விளக்கு வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி அமலானபின், பெரும்பாலான புது பைக்குகளில் விளக்குதான் கதி.

என்னிடம் இருப்பது கைமாறி வந்த பழைய இறக்குமதி டூரிங் பைக். டேங்கை வழிய வழிய நிரப்பினாலும் அதில் மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருந்தது. எரியாத விளக்கைவிட இது மோசம் என்பேன். எரியாவிட்டால் ஓடிய கிலோமீட்டரை நாமே கணக்குப் பார்ப்போம். எந்நேரமும் எரிந்தால் கண் அந்தப் பக்கமே போகாது. சர்வீஸ் சென்டரில், "சென்சார் தனியா வராது சார், பம்ப்போட மொத்த அசெம்ப்ளியும் மாத்தணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய மொபெட்டே வாங்கிவிடலாம்.

புதுப்பேட்டைப் பக்கம் பழக்கமான மெக்கானிக் ஒருவர் சாவியைப் போட்டு விளக்கை மட்டும் பார்த்தார். "டக்குனு எரியுது பாருங்க சார். சென்சார் எரிய வெச்சா மெதுவாத்தான் ஏறும்."

அந்த வண்டியின் டேங்க் அடியில் இருப்பது மிளகளவு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். விளக்குக்கான மின்சாரம் இதன் வழியாகத்தான் ஓடியாக வேண்டும். மூழ்கியிருக்கும்வரை இதன் சூட்டைப் பெட்ரோல் வாங்கிக்கொள்ளும். தடை குறையாது, விளக்கு எரியாது. பெட்ரோல் இறங்கி இது வெளியே வந்தால், தன் வழியே ஓடும் மின்சாரத்தாலேயே சூடாகி, கொஞ்சம் கொஞ்சமாக விளக்கை ஏற்றிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பெட்ரோல் பின்னால் ஒதுங்கி விளக்கு எரிவதும், சமதளத்தில் அணைவதும் கோளாறல்ல.

டேங்குக்கு வெளியே கனெக்டரைக் கழற்றியதும் விளக்கு அணைந்தது. "உள்ளதான் ஷார்ட்டு."

பெட்ரோலுக்குள் மின்சாரமா என்று பதறவேண்டாம். பம்ப் மோட்டாரே உள்ளே முங்கித்தான் சுழல்கிறது. காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்தால்தான் தீப்பிடிக்கும். மூடிய டேங்கில் ஆவி அதைவிட அதிகம். காலி செய்து திறந்துவைத்த டேங்க்தான் ஆபத்து. ஆகவே பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெட்டவெளியில் வேலை நடந்தது. சால்டரிங் கம்பியை அவர் கிட்டேயே கொண்டுவரவில்லை.

பம்ப்பை வெளியே எடுத்து மல்டிமீட்டர் வைத்தால் தெர்மிஸ்டர் நன்றாகத்தான் இருக்கிறது! அதற்குப் போகும் வயர், பம்ப்பைத் தாங்கும் தகட்டின் விளிம்பில் உரசி உரசி, மேலுறை தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்ரோல் தாங்கும் டெஃப்லான் வயரை வெட்டி, கிரிம்ப் செய்து, விளிம்பில் படாமல் கட்டினார். ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற வயர்.

இழுத்தடித்தது ஓ-ரிங்தான். பெட்ரோல் குடித்து ஊறிப் பெருத்ததால், பள்ளத்தில் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. பலர் இங்கேதான் கோட்டை விட்டு, பிறகு பெட்ரோல் கசிகிறது என்று வந்து நிற்பார்களாம். புதுசு வாங்கிப் போட்டோம்.

பழுதுநீக்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. வாகனங்களும் அதில் அடக்கம். நல்லதுதான். ஆனால், அசெம்ப்ளியாக மட்டுமே விற்கிற பழக்கம் மாறாதவரை, ஒரு சாண் வயருக்கும் பம்ப் விலைதான் கேட்பார்கள்.

இப்போது விளக்கு எரிந்ததும் பங்க்கில் முழுக்க நிரப்புகிறேன். டேங்க் கொள்ளளவிலிருந்து நிரப்பிய அளவைக் கழித்தால், எரியும்போது எத்தனை லிட்டர் மிச்சம் என்பது தெரிந்துவிடுகிறது. எரிந்தபிறகும் எவ்வளவு தூரம் ஓடும் என்று சோதிக்கும் ஆசை மட்டும் வேண்டாம்; பம்ப் மோட்டாரைக் குளிர வைப்பதும் அந்தப் பெட்ரோல்தான்.