99.9 சதம்னு சொல்லி வாயடைக்காதீங்க

மேட்டூர் அனல்மின் நிலையம் பத்திப் பேச்செடுத்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடுது. ஒண்ணு, "தூசி பிடிக்கிற மெஷினெல்லாம் சும்மா கண்துடைப்பு". இன்னொண்ணு, "அதான் 99.9 சதம் பிடிக்குதே, அப்புறம் என்னங்க?" ரெண்டுமே ஜல்லிதான். ஆனா ரெண்டாவது ஜல்லி அறிவியல் வேஷம் போட்டுட்டு வருது பாருங்க, அதான் ஆபத்து.

முதல்ல மெஷினுக்கு உண்டான மரியாதையைக் கொடுத்துடுவோம். இ.எஸ்.பி.ன்னு சொல்லுவாங்க. வரிசையாத் தொங்குற கம்பிகள்ல பல்லாயிரம் வோல்ட். கம்பியைச் சுத்தியிருக்குற காத்து அயனியாகும், அந்த வழியாப் போற சாம்பல் துகள் மின்னூட்டம் வாங்கிக்கும், மின்புலம் அதைப் பக்கத்துத் தகட்டுக்கு இழுத்துடும். அப்பப்ப சுத்தியல் தட்ட, சாம்பல் கீழே கொட்டும். நூறு வருஷத்துக்கு மேல ஓடுற நுட்பம். நம்ம ராணிப்பேட்டை பெல் ஆலையிலயே செய்யறாங்க. கண்துடைப்பு இல்லீங்க.

இப்ப கணக்கு. பழைய நாலு எந்திரமும் சேர்ந்து 840 மெகாவாட். ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமாரா 0.7 கிலோ நிலக்கரின்னு வச்சா, முழுசா ஓடுற நாளுக்கு 14,000 டன். சாம்பல் 40 சதம்னா 5,600 டன். அதுல 80 சதம் புகையோட பறக்கும்னு வைங்க, கிட்டத்தட்ட 4,500 டன். 99.9 சதம் பிடிச்சாலும் மிச்சம் 4.5 டன். 99க்கு இறங்கினா 45 டன்! புள்ளிக்குப் பின்னால இருக்குற அந்த ஒத்தை 9க்குப் பத்து மடங்கு வித்தியாசம்.

அந்த 9 நிரந்தரமும் இல்ல. நம்ம நாட்டு நிலக்கரியில கந்தகம் கம்மி, அதனால சாம்பலோட மின்தடை அதிகம். தகட்டுல படிஞ்ச சாம்பல் மின்னூட்டத்தை லேசுல விடாது, பிடிமானம் குறையும். போதாததுக்கு, இந்தச் சதவீதம் எடைக் கணக்கு. பிடிக்க ரொம்பக் கஷ்டமானது 0.1லேர்ந்து 1 மைக்ரான் வரைக்கும் உள்ள பொடி. எடை சொற்பம், எண்ணிக்கை ஏராளம். நுரையீரலோட அடி ஆழம் வரைக்கும் போறதும் அதுதான்.

அதனாலதான் 2015 டிசம்பர்ல மத்திய அரசு போட்ட விதி சதவீதம் பேசலை. ஒரு கன மீட்டர் புகைக்கு இத்தனை மில்லிகிராம்னுதான் பேசுது. 2003க்குள்ள வந்த எந்திரத்துக்கு 100, அப்புறம் 2016 வரைக்கும் வந்ததுக்கு 50. மேட்டூர்ல 2013ல வந்த 600 மெகாவாட் எந்திரம் இந்த 50க்குள்ள வரும்.

ஆக மக்களே, அடுத்த தடவை யாராச்சும் 99.9ன்னு ஆரம்பிச்சா, "இன்னைக்கு எத்தனை மில்லிகிராம்?"னு மட்டும் கேளுங்க. பிடிச்ச சாம்பலை ஏத்திட்டுப் போற லாரிக்கு ஆடிக் காத்துல தார்ப்பாய் கட்டியிருக்கான்னும் கேளுங்க. மின்புலம் ரோட்டுக்கு வராதுங்க.