மாங்காய்க்கு உப்பு... மச்சிக்கு ஒரு புக்கு!

எக்ஸாம் முடிஞ்சு, காலையில் பத்து மணிக்கு எழுந்து, "அம்மா, காபி"ன்னு படுக்கையிலிருந்தே குரல் விடுற சீஸன் வந்தாச்சு. கிருஷ்ணகிரி பக்கம் இதுக்கு இன்னொரு பேரும் உண்டு. மாங்காய் சீஸன்!

பஸ் ஸ்டாண்ட் வாசலில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுக்கிறாங்களே, அந்தக் கிளிமூக்கு மாங்காயைக் கொஞ்சம் கவனிங்க. நம்ம ஊரில் அதுக்கு பெங்களூரான்னும் பேர். அத்திப்பள்ளியைத் தாண்டிப் போனா கன்னடத்தில் 'கிணிமூத்தி'. கிணின்னா கிளி, மூத்தின்னா மூஞ்சி. சரி, தோத்தாபுரின்னு சொல்றாங்களே? உருதுவில் தோத்தான்னாலும் கிளிதான்! மூணு மொழிக்காரங்களும் ஒரே மூக்கைப் பார்த்து ஒரே பேரை வெச்சிருக்காங்க.

மாங்காய் இவ்வளவு ஈஸியா பார்டர் தாண்டுதே, நாம படிக்கிற புத்தகம் மட்டும் ஏன் தாண்ட மாட்டேங்குது? இந்த வார மேட்டர் இதுதான்.

ஓசூரில் ஒரு காலேஜ் பெஞ்சை எடுத்துக்குங்க. நாலு பேர். ஒருத்தர் வீட்டில் தமிழ், அடுத்தவர் வீட்டில் தெலுங்கு, மூணாவது கன்னடம், நாலாவது உருது. லீவில் என்ன படிச்சேன்னு கேட்டா நாலு பேரும் அதே மூணு புத்தகத்தைத்தான் சொல்றாங்க. அதையும் எப்படி? "செம புக்கு மச்சி, படிச்சுப் பாரு." அவ்வளவுதான் விமர்சனம்! பரோட்டாவுக்குக்கூட இதைவிட நல்லா சிபாரிசு செய்வோம். சால்னா எப்படி, எத்தனை மணிக்குள்ள போகணும்னு விளக்கமா சொல்வோம்ல?

இதில் இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. தமிழ் கற்றல் சட்டம் 2006-ல் வந்த பிறகு, ஒண்ணாம் வகுப்பிலிருந்து படிப்படியா தமிழ் கட்டாயப் பாடமாச்சு. அதனால தெலுங்கு, கன்னட வீட்டுப் பிள்ளைகள் பலரும் தமிழை நல்லாவே படிக்கிறாங்க. சந்தோஷம். ஆனா அவங்கள்ல நிறைய பேருக்குப் பாட்டியோட மொழி வாயில் இருக்கு, கண்ணில் இல்லை. பேசத் தெரியும், எழுத்து தெரியாது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு அவ்வா தெலுங்கில் சொல்ற கதை பேரன் காதுவரைக்கும் வருது. அவன் அதை யாருக்கும் திருப்பிச் சொல்லலைன்னா அங்கேயே முடிஞ்சிடும். தமிழ் வீட்டுக்காரங்களுக்கும் இதே நஷ்டம்தான். பக்கத்து வீட்டில் என்ன கதை ஓடுதுன்னு தெரியாமலே வாழ்ந்துட்டுப் போயிடறோம்.

'பார்டர்ல இருந்தா அப்படித்தான்'னு சொல்லாதீங்க. இதே பார்டரில் முன்னாடி இருந்தவங்களைப் பாருங்க. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படிச்சவர். மகாபாரதத்தை எளிய தமிழில் 'வியாசர் விருந்து'ன்னு கொடுத்தார். ராமாயணத்தைச் சொன்ன அவரோட 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கிச்சு.

அந்தப் பக்கம்? பாகலூர் ரோட்டிலேயே போனா மாலூர். அந்த மாலூர் தாலுகாவில்தான் மாஸ்தி இருக்கு. 1891-ல் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காருக்கு வீட்டில் பேசுற மொழி தமிழ். எழுதினது கன்னடம். அதுவும் எப்படி? 'சிக்கவீர ராஜேந்திரா' நாவலுக்காக 1983-க்கான ஞானபீடம் வாங்குற அளவுக்கு! வீட்டு மொழி ஒண்ணு, எழுதுற மொழி வேற. நம்ம பெஞ்ச் மாதிரியே இல்லை?

பெங்களூர் அல்சூரில் இருக்கிற திருவள்ளுவர் சிலை தெரியும்தானே? 18 வருஷம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் அதைத் திறந்தாங்க. அதே மாசம் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைச் சென்னை அயனாவரத்தில் திறந்தாங்க. ரெண்டு கவிஞர்களை மாத்திக்க 18 வருஷம்! ரெண்டு புத்தகத்தை மாத்திக்க ஒரு டீ டைம் போதும்.

சரி, எதை எதோட மாத்தலாம்? சில ஜோடிகள்...

ஜோடி 1: ராஜாஜியின் 'வியாசர் விருந்து' - எஸ்.எல்.பைரப்பாவின் 'பருவம்'. ரெண்டுமே மகாபாரதம்தான். முதலாவது, தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்ற மாதிரி. ரெண்டாவதில் அற்புதம், மந்திரம் எதுவும் கிடையாது. பாண்டவரும் கௌரவரும் பசி, வயசு, பயம் எல்லாம் உள்ள சாதாரண மனுஷங்க. கன்னடத்தில் 1979-ல் வந்தது. பாவண்ணன் செய்த தமிழாக்கத்துக்கு 2005-ல் சாகித்ய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைச்சுது. ஒருத்தர் இதைப் படிங்க, இன்னொருத்தர் அதைப் படிங்க. அப்புறம் ஒரே ரூமில் உட்கார்ந்து கர்ணனைப் பத்திப் பேசிப் பாருங்க. சண்டை கியாரண்டி!

ஜோடி 2: கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' - உங்க வீட்டு அவ்வா. சும்மா சொல்லலை! 1976-ல் வந்த இந்த நாவல், தெலுங்கு பேசுறவங்க தெற்கே வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறின கதை. தெலுங்கு வீட்டு நண்பர் இதைப் படிச்சிட்டு, "நாம எங்கிருந்து வந்தோம்?"னு வீட்டில் ஒரு கேள்வி போடட்டும். வர்ற பதிலைத் தமிழ் வீட்டு நண்பர்கிட்ட சொல்லட்டும். அதுவும் ஒரு நாவல்தான், இன்னும் அச்சாகலை.

ஜோடி 3: விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்' - பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லேம்ப்'. முதலாவது, திடீர்னு பணம் வந்த ஒரு பெங்களூர் குடும்பத்தின் கதை. ஒல்லியான புத்தகம், நல்லதம்பி தமிழில் தந்திருக்கார். தலைப்புக்கு எந்த டிக்ஷனரியிலும் அர்த்தம் தேடாதீங்க. ஒரு குடும்பம் தனக்குள்ள உண்டாக்கிக்கிட்ட வார்த்தை அது. ரெண்டாவது, 2025-ல் சர்வதேச புக்கர் பரிசு வாங்கின கன்னடச் சிறுகதைகள். ஆங்கிலத்தில் தந்தவர் தீபா பாஸ்தி. அந்தப் பரிசை வாங்கின முதல் கன்னட நூல் அது, முதல் சிறுகதைத் தொகுப்பும் அதுதான். இஸ்லாமியப் பெண்களின் வாழ்க்கைக்குள்ள நேரா கூட்டிட்டுப் போகுது. உருது வீட்டுத் தோழி பக்கத்தில் இருந்தா, "இதெல்லாம் உண்மையா?"ன்னு கேளுங்க. "பாதி ஆமா, பாதி இல்லை"ன்னு ஆரம்பிப்பாங்க பாருங்க, அந்தப் பேச்சுக்குத்தான் புத்தகம்!

'நம்ம ஊர்க்காரங்க எழுதினது?'ன்னு கேட்கிறவங்களுக்கு: ஓசூரிலிருந்தே எழுதினவங்க ஆதவன் தீட்சண்யாவும் பா.வெங்கடேசனும். முதலாமவர் கதைகள் சிரிக்க வெச்சே குத்தும். ரெண்டாமவரின் 'தாண்டவராயன் கதை' (2008) தலையணை சைஸ். லீவு முழுக்கத் தாங்கும்.

சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிற நண்பர்களே, நீங்களும் ஆட்டத்தில் உண்டு. உங்க ஹாஸ்டலில் ஜார்க்கண்டும் ஒடிஷாவும் பக்கத்துக் கட்டிலில் தூங்குதே! கம்பெனி பஸ்ஸில் ஹெட்செட்டைக் கழட்டிட்டு, "உங்க ஊர்ல பாட்டி சொல்ற கதை ஒண்ணு சொல்லு"ன்னு கேளுங்க. அரைகுறை இந்தியில் கேட்டாலும் போதும். கதைக்கு கிராமர் தேவையில்லை.

இப்போ ரூல்ஸ். நாலே நாலு.

ஒண்ணு: 'செம', 'மொக்கை' ரெண்டு வார்த்தையும் தடை. எந்தப் பக்கத்தில் மூடி வெச்சீங்க, எந்த இடத்தில் தூக்கம் போச்சுன்னு சொல்லணும்.

ரெண்டு: நண்பருக்குப் படிக்கத் தெரியாத மொழியா? சாக்கு கிடையாது. கதையை வாயால் சொல்லணும். பிடிச்ச ஒரு பக்கத்தைச் சத்தமா படிச்சு அர்த்தம் சொல்லணும்.

மூணு: பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லலாம். ஏன்னு சொல்லாம நழுவக் கூடாது.

நாலு: ஒரு நாற்பது பக்க நோட்டில் யார்கிட்ட எந்தப் புத்தகம், எந்தத் தேதின்னு எழுதி வைங்க. நட்பு வேற, நோட்டு வேற. கல்யாண மொய்க்கே கணக்கு உண்டு!

இன்னொரு சின்ன சவால். தெலுங்கு எழுத்தும் கன்னட எழுத்தும் ஒரே பழைய எழுத்திலிருந்து பிரிஞ்ச அக்கா தங்கச்சி. ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு பாதி வந்த மாதிரி. இலவச டீச்சர் வேணுமா? ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. கர்நாடகா பஸ் போர்டில் ஊர் பேர் இருக்கும். ஊர் தெரியும், எழுத்துதான் தெரியாது. ஒரு நாளைக்கு மூணு எழுத்துன்னு வெச்சுக்கிட்டா காலேஜ் திறக்கிறதுக்குள்ள போர்டு படிக்கலாம். அடுத்த லீவுக்கு புக்கு.

இந்த வார ஹோம்வொர்க் (லீவிலுமான்னு முறைக்காதீங்க): உங்க வீட்டுப் பெரியவங்க ஒருத்தர்கிட்ட ஒரு கதை கேட்டு வாங்குங்க. தெலுங்கோ கன்னடமோ உருதுவோ, அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்க. 'காக்கா'வின் காவும் 'காந்தி'யின் காவும் நம்ம எழுத்தில் ஒண்ணுதான், உச்சரிப்பு கொஞ்சம் இடிக்கும். பரவாயில்லை. அந்தப் பேப்பரை அந்த மொழி தெரியாத ஒரு நண்பர்கிட்ட கொடுத்து, பதிலுக்கு அவர் வீட்டுக் கதையை வாங்கிக்குங்க. புத்தகம் வாங்கக் காசில்லைங்கிறவங்களும் ஆடக்கூடிய ஆட்டம் இது.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுக்குள்ள அந்த நோட்டில் முதல் வரி எழுதியிருக்கணும், ஓ.கே.வா?